காயிலை மாற்றும் முன்: இக்னிஷன் கட்டுப்பாட்டுச் சுற்றின் பழுதைக் கண்டறியும் முறை

வண்டியின் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டியதும் திரையில் பி 0351 என்ற குறியீடு வருகிறது. அதன் விளக்கத்தில், ஸ்பார்க் பிளக்கில் பொறியை உண்டாக்கும் மின்சுருளான இக்னிஷன் காயில் என்ற சொல் கண்ணில் படுகிறது. அடுத்த அரை மணி நேரத்தில் புதிய காயில் ஒன்று எஞ்சினில் ஏறிவிடுகிறது. பழுது அத்துடன் தீர்ந்தால் நல்லது. தீராமல் அதே குறியீடு மறுநாள் திரும்பி வரும்போதுதான், அது உண்மையில் என்ன சொன்னது என்று நிதானமாகப் படித்துப் பார்க்கத் தோன்றுகிறது. முதல் காயிலின் பிரைமரி அல்லது செகண்டரி சுற்றில் கோளாறு இருக்கிறது என்பதே அந்தக் குறியீட்டின் பொருள். சுற்று என்றால் பேட்டரியில் தொடங்கி ஃபியூஸ், மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலே, வயர், கனெக்டர், காயில், மின்னோட்டத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர் ஆகியவற்றைக் கடந்து, வண்டியின் உலோக உடலாலான எர்த் வழியாக மீண்டும் பேட்டரியைச் சேரும் முழுப் பாதை. அந்தப் பாதையில் காயில் ஓர் இடம் மட்டுமே. பழுது எந்த இடத்திலும் இருக்கலாம் என்பதால், பாதையை ஒழுங்காக நடந்து பார்ப்பதைத் தவிர வேறு குறுக்கு வழி இல்லை.

சுற்று நல்ல நிலையில் இருக்கும்போது நடப்பது என்ன

சோதனைக் கருவியைக் கையில் எடுக்கும் முன், பழுதில்லாத சுற்றில் என்ன நடக்கிறது என்பது மனத்தில் தெளிவாக இருக்க வேண்டும். காயிலுக்குள் ஒரே இரும்பு உள்ளகத்தின் மேல் இரண்டு சுருள்கள் சுற்றப்பட்டுள்ளன. தடித்த கம்பியில் குறைந்த சுற்றுகள் கொண்டது பிரைமரி. மெல்லிய கம்பியில் அதைப் போல ஏறத்தாழ 100 மடங்கு சுற்றுகள் கொண்டது செகண்டரி. டிரான்சிஸ்டர் இணைப்புக் கொடுத்ததும் பிரைமரியில் பாயும் மின்னோட்டம் உடனே உச்சத்தைத் தொடுவதில்லை. சுருளின் தன்தூண்டலை எதிர்த்துப் படிப்படியாக ஏறி, பெரும்பாலான காயில்களில் 2 முதல் 4 மில்லி விநாடிக்குள் 6 முதல் 10 ஆம்பியர் வரை எட்டுகிறது. பொறி தேவைப்படும் கணத்தில் அந்த மின்னோட்டம் சட்டென்று துண்டிக்கப்படுகிறது. உள்ளகத்தில் சேர்ந்திருந்த காந்தப்புலம் சரியும் வேகத்தில் பிரைமரியிலேயே 300 முதல் 400 வோல்ட் எழும்புகிறது. செகண்டரியில் அது பல்லாயிரம் வோல்ட்டாகப் பெருகி, ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுகள் சுழலும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் இது விநாடிக்கு 25 முறை நிகழ்ந்தாக வேண்டும்.

இந்தக் கணக்கில் ஒரு முக்கியமான செய்தி அடங்கியிருக்கிறது. ஒரு கனெக்டருக்குள் இருக்கும் உலோக முள்ளான பின் அரித்துப்போய் அங்கே வெறும் 0.5 ஓம் மின்தடை கூடுதலாகச் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் பாயாத நிலையில் மல்டிமீட்டரை வைத்தால் அந்த இடத்தில் முழுதாக 12.6 வோல்ட் காட்டும், ஏனெனில் மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிக மிகச் சிறியது. அதே பின் வழியாக 7 ஆம்பியர் பாய முயன்றால் 3.5 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். காயிலுக்குக் கிடைப்பது 9 வோல்ட் சொச்சம்தான். பொறி பலவீனமாகும், ஏறுமுகத்தில் மிதிக்கும்போது எஞ்சின் திணறும், மீட்டரோ எல்லாம் சரி என்று சொல்லும். எனவே இந்தச் சுற்றைச் சுமை ஏற்றித்தான் சோதிக்க வேண்டும். கீழே வரும் சோதனைகள் பெரும்பாலும் இந்த ஒரு கருத்தின் மீதே நிற்கின்றன.

அடுத்ததாக, உங்கள் வண்டியின் காயில் எந்த வகை என்பதை வயர்களை எண்ணித் தெரிந்துகொள்ளுங்கள். கனெக்டரில் இரண்டு வயர்கள் மட்டும் இருந்தால், ஒன்று பேட்டரி மின்சாரம், மற்றொன்று கட்டுப்பாட்டு வயர். முழுப் பிரைமரி மின்னோட்டத்தையும் துண்டிக்கும் டிரான்சிஸ்டர் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினியான இ.சி.யு-வுக்குள் அல்லது தனி இக்னிஷன் மாட்யூலில் இருக்கிறது. மூன்று வயர்கள் இருந்தால் டிரான்சிஸ்டர் காயிலுக்குள்ளேயே இருக்கிறது. பேட்டரி மின்சாரம், எர்த், இ.சி.யு அனுப்பும் சுமார் 5 வோல்ட் தூண்டல் சமிக்ஞை என்ற மூன்றும் அதற்கு வேண்டும். நான்காவது வயரும் இருந்தால், சில வண்டிகளில் அது பொறி வெடித்ததை இ.சி.யு-வுக்குத் திருப்பிச் சொல்லும் உறுதிச் சமிக்ஞை, வேறு சிலவற்றில் செகண்டரி சுருளுக்கான தனி எர்த். இந்த உறுதிச் சமிக்ஞை வராவிட்டால் சில வண்டிகளின் இ.சி.யு எரிபொருளையே நிறுத்திவிடும். அப்படிப்பட்ட வண்டியில் பொறி நன்றாக இருந்தும் எஞ்சின் கிளம்பாது. பழுதை எரிபொருள் பம்பில் தேடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. வயர்களின் நிறமும் பின்களின் எண்ணும் வண்டிக்கு வண்டி மாறும் என்பதால், அந்த மாடலின் வயரிங் வரைபடம் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

கையை வைக்கும் முன்

செகண்டரி மின்னழுத்தம் உடலில் பாய்ந்தால் கை தானாக உதறி, சுழலும் பெல்ட்டிலோ விசிறியிலோ போய் விழலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் ஓடும் எஞ்சினின் இக்னிஷன் பகுதியை நெருங்கவே கூடாது. எஞ்சின் ஓடும்போது காயிலின் கனெக்டரையோ பிளக் வயரையோ பிடுங்கி "எந்தச் சிலிண்டர் மிஸ் ஆகிறது" என்று பார்க்கும் பழைய பழக்கம் இன்றைய எஞ்சின்களுக்குப் பொருந்தாது. போக்கிடம் இல்லாத உயர் மின்னழுத்தம் காயிலின் உள்காப்பை உடைக்கும், எரியாத எரிபொருள், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டெரிக்கும். கனெக்டர்களைக் கழற்றுவதும் மாட்டுவதும் எப்போதும் சாவியை அணைத்த பிறகே. ஹைப்ரிட் வண்டியாக இருந்தால் ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொடக்கூடாது. அவற்றில் எஞ்சின் முன்னறிவிப்பின்றித் தானாகக் கிளம்பவும் கூடும்.

கருவிகளாக ஒரு நல்ல மல்டிமீட்டர், 21 வாட் பல்பில் வயர் இணைத்துச் செய்த சோதனை விளக்கு, எல்.ஈ.டி சோதனை விளக்கு, கனெக்டரின் பின்பக்கமாக நுழைக்கக்கூடிய மெல்லிய ஊசி முனைகள், இடைவெளியைத் திருகி மாற்றக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர், நேரடித் தகவல்களைக் காட்டும் ஸ்கேனர் ஆகியவை போதும். மின்னழுத்தம் மாறுவதைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் இருந்தால் வேலை பாதியாகக் குறையும். வயரின் தோலைக் குத்தி அளப்பதைத் தவிர்க்க வேண்டும்; அந்த ஊசித் துளை வழியாக நுழையும் ஈரம் சில மாதங்களில் உள்ளிருக்கும் செம்பைப் பச்சைப் பொடியாக்கிவிடும்.

குறியீட்டைப் படிப்பதும், எத்தனை சிலிண்டர் என்று கேட்பதும்

பி 0351 முதல் பி 0362 வரை உள்ளவை 12 காயில்களின் சுற்றுகளை ஒவ்வொன்றாகச் சுட்டுகின்றன. பி 2300 முதல் காயிலின் கட்டுப்பாட்டுச் சுற்றில் மின்னழுத்தம் தாழ்ந்தே இருப்பதையும், பி 2301 அது உயர்ந்தே இருப்பதையும் குறிக்கின்றன. தாழ்ந்தே இருந்தால் வயர் எங்கோ எர்த்தைத் தொடுகிறதா, காயிலுக்கு மின்சாரம் வரவில்லையா என்று தேடலாம். உயர்ந்தே இருந்தால் அது பேட்டரி மின்சாரத்தைத் தொடுகிறதா, டிரான்சிஸ்டர் இணைப்பே கொடுக்கவில்லையா என்று தேடலாம். பி 0301, பி 0302 போன்றவை குறிப்பிட்ட சிலிண்டரில் எரிதல் தவறியதை மட்டும் சொல்கின்றன. அதற்கு இக்னிஷன் காரணமாக இருக்கலாம், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரும், சிலிண்டருக்குள் ஏற்படும் அழுத்தமான கம்ப்ரஷனும்கூடக் காரணமாக இருக்கலாம். மிஸ்ஃபயர் குறியீட்டுடன் சுற்றுக் குறியீடும் சேர்ந்து வந்தால் சுற்றுக் குறியீட்டுக்கே முதலிடம் கொடுங்கள். "முதல் காயில்" என்பது எல்லா வண்டிகளிலும் முதல் சிலிண்டரைக் குறிக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வரைபடத்தில் சரிபார்க்க வேண்டும்.

குறியீட்டை அழிக்கும் முன், அது பதிவான கணத்தின் ஃப்ரீஸ் ஃப்ரேம் தகவலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் சூடாக இருந்ததா, எத்தனை சுற்றில் ஓடியது, எவ்வளவு சுமை இருந்தது என்பவை பின்னால் பழுதை வரவழைக்கத் தேவைப்படும். சூட்டில் மட்டும் வரும் பழுதைக் குளிர்ந்த எஞ்சினில் தேடினால் ஒரு நாள் முழுவதும் தேடினாலும் கிடைக்காது.

பிறகு கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை சிலிண்டர்கள் பாதிக்கப்பட்டுள்ளன என்பது. ஒரே ஒரு சிலிண்டர் என்றால் பொதுவான ஃபியூஸும் ரிலேயும், எஞ்சின் சுழல்வதை இ.சி.யு-வுக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரும் பெரும்பாலும் குற்றமற்றவை. அந்தச் சிலிண்டருக்கே உரிய காயில், வயர், பின், டிரான்சிஸ்டர் ஆகியவற்றில் தேட வேண்டும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒன்றும் நான்கும், அல்லது இரண்டும் மூன்றும் சேர்ந்தே தவறினால், ஒரே காயில் இரு பிளக்குகளுக்குப் பொறி தரும் அமைப்பா என்று பாருங்கள். வி வடிவ எஞ்சினில் ஒரு பக்கம் முழுவதும் தவறினால் அந்தப் பக்கத்துக்கான பொது எர்த்தும் பொது மின்சார வயரும் சந்தேகத்துக்குரியவை. எந்தச் சிலிண்டரிலும் பொறி இல்லை என்றால் நான்கு காயில்களும் ஒரே நேரத்தில் செத்துப்போவது நடக்காத காரியம். அனைத்துக்கும் பொதுவான இடங்களுக்கே போக வேண்டும். இந்த ஒரு கேள்வியே வரைபடத்தின் பெரும்பகுதியை மூடி வைக்க உதவுகிறது.

கண்ணால் பார்த்தல்

மீட்டருக்கு முன் கண்ணைப் பயன்படுத்துவது நேரத்தை மிச்சப்படுத்தும். காயிலை வெளியே எடுத்து, பிளக் குழிக்குள் விளக்கடித்துப் பாருங்கள். அங்கே எண்ணெய் தேங்கியிருந்தால் வால்வ் கவரின் சீல் கசிகிறது. எண்ணெயில் ஊறிய ரப்பர் பூட் உப்பி வெடித்து, பொறி பிளக்குக்குப் போகாமல் பக்கவாட்டில் எர்த்துக்குப் பாயும். சீலை மாற்றாமல் காயிலை மட்டும் மாற்றினால் அதே பழுது திரும்ப வரும். பூட்டின் மீதோ பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மீதோ பென்சிலால் கோடு கிழித்தது போன்ற கறுத்த தடம் இருந்தால், மின்சாரம் ஓடிப் பழகிய பாதை அது. துடைத்துச் சரிசெய்ய முடியாது, இரண்டையும் மாற்ற வேண்டும். கனெக்டரின் பூட்டு நாக்கு உடைந்திருக்கிறதா, பின்கள் பின்னோக்கித் தள்ளப்பட்டிருக்கின்றனவா, பெண் பின்களின் பிடி தளர்ந்திருக்கிறதா, வயர்க் கற்றை கூர்மையான உலோக விளிம்பில் உராய்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்பவற்றைப் பாருங்கள்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் இடைவெளியையும் அளக்க வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன அளவு பெரும்பாலும் 0.6 முதல் 1.1 மில்லி மீட்டருக்குள் இருக்கும். தேய்ந்து இடைவெளி பெருகிய பிளக்கில் பொறியை உண்டாக்க அதிக மின்னழுத்தம் தேவை. அதை ஒவ்வொரு முறையும் தந்து தந்து காயிலின் உள்காப்பு இற்றுப்போகிறது. காயில் செத்த பல வண்டிகளில் அதைக் கொன்றது பழைய பிளக்தான்.

காயிலை இடம் மாற்றிப் பார்த்தல்

ஒரே வகைக் காயில்கள் உள்ள எஞ்சினில், சந்தேகத்துக்குரிய காயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் பொருத்தி, குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது செலவில்லாத நல்ல சோதனை. பி 0351 மறைந்து பி 0352 வந்தால் பழுது காயிலோடு நகர்ந்திருக்கிறது. பி 0351 அப்படியே இருந்தால் பழுது வயரிங்கிலோ இ.சி.யு-விலோ இருக்கிறது. இரண்டு வயர் காயிலாக இருந்தால் மட்டும் ஒரு முன்னெச்சரிக்கை தேவை. இடம் மாற்றும் முன் அதன் பிரைமரி மின்தடையை அளந்துகொள்ளுங்கள். நல்ல காயிலில் பொதுவாக 0.3 முதல் 2 ஓம் வரை இருக்கும். மீட்டரின் வயர்களுக்கே உள்ள மின்தடையை முதலில் அளந்து கழித்துக்கொள்ள வேண்டும். மற்ற காயில்களைவிட இது மிகக் குறைவாகக் காட்டினால் சுருளுக்குள் ஷார்ட் ஏற்பட்டுள்ளது. அதை வேறு சிலிண்டரில் மாட்டினால் அந்தச் சிலிண்டரின் டிரான்சிஸ்டரும் எரியக்கூடும். டிரான்சிஸ்டர் உள்ளே அடங்கிய மூன்று, நான்கு வயர் காயில்களில் ஓம் அளவீடு பொருள் தராது.

மின்சாரம் வருகிறதா

காயிலின் கனெக்டரைக் கழற்றி, சாவியைப் போட்டு, பேட்டரி வயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே 21 வாட் பல்பை இணையுங்கள். அது ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். பல்பு முழு ஒளியுடன் எரிய வேண்டும். அது எரிந்துகொண்டிருக்கும்போதே அந்த வயரில் உள்ள மின்னழுத்தத்தை அளந்து பேட்டரியின் அளவோடு ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் இடையே 0.5 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வழியில் எங்கோ மின்தடை இருக்கிறது. பல வண்டிகளில் இந்த ரிலே, சாவியைப் போட்ட ஓரிரு விநாடிகளில் அணைந்துவிடும். எஞ்சின் சுழல்வதை இ.சி.யு உணர்ந்தால்தான் மீண்டும் இயங்கும். அத்தகைய வண்டியில் உதவிக்கு ஒருவரை வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லி அளக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல சுற்றைப் பழுதென்று தீர்மானித்துவிடுவோம்.

மின்சாரம் குறைவாக இருந்தால் பின்னோக்கி நடந்து, ரிலேயின் வெளியேறும் பின், உள்வரும் பின், ஃபியூஸின் இரு பக்கம் என ஒவ்வோர் இடத்திலும் அதே சுமையோடு அளந்துகொண்டே போங்கள். மின்னழுத்தம் எந்த இரு புள்ளிகளுக்கு இடையே குதித்து மாறுகிறதோ, பழுது அங்கே இருக்கிறது. ஃபியூஸ் எரிந்திருந்தால் புதிதை மாட்டிவிட்டுப் போய்விடக் கூடாது. எல்லாக் காயில்களின் கனெக்டர்களையும் கழற்றிவிட்டுப் புதிய ஃபியூஸைப் போட்டு, சாவியை அணைத்து ஒன்றை மாட்டி, மீண்டும் சாவியைப் போடுவது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தால், எந்தக் காயில் ஃபியூஸை எரிக்கிறது என்பது தெரிந்துவிடும். எதையும் மாட்டாமலேயே எரிந்தால் வயர் எர்த்தைத் தொடுகிறது.

எர்த்

அதிகம் கவனிக்கப்படாததும், என் அனுபவத்தில் அதிகம் ஏமாற்றுவதும் எர்த்தான். ஒரு கார் என்னிடம் வருவதற்கு முன் அதில் மூன்று முறை காயில்கள் மாற்றப்பட்டிருந்தன. மாற்றிய காயில்கள் அனைத்தும் நல்லவை. வேறு ஏதோ வேலைக்காகக் கழற்றப்பட்ட எர்த் போல்ட் திரும்ப மாட்டப்பட்டபோது, அதன் அடியில் பெயின்ட் பூசிய பரப்பு சிக்கியிருந்தது. மீட்டரில் ஓம் அளந்தால் ஏறக்குறைய பூஜ்யம். எஞ்சின் ஓடும்போது அந்தப் போல்ட்டுக்கும் பேட்டரிக்கும் இடையே 1.4 வோல்ட். சுரண்டிச் சுத்தம் செய்து முறுக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. அத்தனை காயில்களுக்குப் பணம் கொடுத்த உரிமையாளரின் முகத்தைப் பார்த்தபோது ஏற்பட்ட வருத்தம்தான், இந்த வரிசையை எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணத்தை உண்டாக்கியது.

சோதிக்கும் முறை எளியது. மல்டிமீட்டரை டி.சி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைக் காயில் கனெக்டரின் எர்த் பின்னில் பின்பக்கமாக நுழைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே வையுங்கள்; அருகிலுள்ள ஏதோ ஓர் உலோகத்தில் வைத்தால் அந்த உலோகத்துக்கும் பேட்டரிக்கும் இடையே உள்ள பழுது தெரியாது. எஞ்சினை ஓடவிட்டு, விளக்குகள், ஏ.சி விசிறி எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நன்று, 0.2-ஐத் தாண்டினால் எர்த் பாதையைத் தேடிச் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டு வயர் காயிலில் எர்த் பின் இருக்காது. அங்கே இதே சோதனையை இ.சி.யு-வின் எர்த் பின்களில் செய்ய வேண்டும்.

கட்டுப்பாட்டுச் சமிக்ஞை

மின்சாரமும் எர்த்தும் நன்றாக இருந்து பொறி இல்லையென்றால், இ.சி.யு கட்டளை அனுப்புகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே சாதாரண மல்டிமீட்டரை நம்பிப் பலர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 200 சுற்றுகள் சுழல்கிறது என்றால், ஒரு சிலிண்டருக்கு இரண்டு கட்டளைகளுக்கு இடையே 600 மில்லி விநாடி இருக்கிறது. கட்டளை நீடிப்பதோ 5 மில்லி விநாடி அளவே. 5 வோல்ட் சமிக்ஞையின் சராசரியை மீட்டர் காட்டினால் அது 0.04 வோல்ட்தான் வரும். சமிக்ஞை கச்சிதமாக வந்துகொண்டிருக்கும்போதே மீட்டரில் பூஜ்யம் போலத் தெரியும்.

ஆகவே எல்.ஈ.டி விளக்கையோ ஆசிலோஸ்கோப்பையோ பயன்படுத்த வேண்டும். முதலில் எரிபொருள் பம்பின் ஃபியூஸை எடுத்துவிடுங்கள்; சோதனையின்போது சிலிண்டர்களுக்குள் பெட்ரோல் சேரக்கூடாது. மூன்று அல்லது நான்கு வயர் காயிலில், கனெக்டரைக் கழற்றி, தூண்டல் வயருக்கும் எர்த்துக்கும் இடையே எல்.ஈ.டி விளக்கை இணைத்து செல்ஃப் அடித்தால், விநாடிக்கு ஏறத்தாழ ஒன்றிரண்டு முறை மின்ன வேண்டும். இரண்டு வயர் காயிலில் விளக்கின் ஒரு முனை பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனை கட்டுப்பாட்டு வயரிலும் இருக்க வேண்டும். தூண்டல் வயரில் இழை பல்பு உள்ள விளக்கை ஒருபோதும் இணைக்க வேண்டாம். அது இழுக்கும் மின்னோட்டத்தைத் தாங்கும் வகையில் இ.சி.யு-வின் அந்த வெளியீடு அமைக்கப்படவில்லை. இரண்டு வயர் காயில் இணைப்பில் இருக்கும்போது கட்டுப்பாட்டு வயரில் முன் சொன்ன 300 முதல் 400 வோல்ட் துடிப்பு எழும் என்பதையும் மறக்க வேண்டாம். அங்கே ஆசிலோஸ்கோப்பை மின்னழுத்தத்தைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் இல்லாமல் இணைத்தால் கருவி கெடும்.

ஆசிலோஸ்கோப்புடன், வயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் ஆம்பியர் கிளாம்பும் இருப்பவர்கள் பிரைமரி மின்னோட்டத்தின் வடிவத்தைப் பார்த்தாலே பலவற்றைப் படிக்கலாம். நல்ல சுற்றில் அது சாய்வாக ஏறி, உச்சத்தில் செங்குத்தாக விழும். தொடக்கத்திலேயே செங்குத்தாக எழும்பினால் பிரைமரிச் சுருள் ஷார்ட். ஏறி, போதிய உயரம் எட்டாமல் வளைந்து சமதளமானால் பாதையில் மின்தடை அதிகம்.

சமிக்ஞை கனெக்டருக்கு வருகிறது, மின்சாரமும் எர்த்தும் உள்ளன, ஆனால் ஸ்பார்க் டெஸ்டரில் பொறி இல்லை என்றால், இப்போது மட்டுமே காயில் கெட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.

சமிக்ஞை எந்தக் காயிலுக்கும் வரவில்லை என்றால்

செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் எஞ்சின் சுற்று எண்ணிக்கையைக் கவனியுங்கள். 150 முதல் 300 வரை ஏதேனும் ஓர் எண் நிலையாகக் காட்ட வேண்டும். பூஜ்யமாகவே இருந்தால் கிராங்க் சென்சாரின் தகவல் இ.சி.யு-வைச் சேரவில்லை, எஞ்சின் சுழல்வதே தெரியாத இ.சி.யு, பொறிக்கான கட்டளையையும் கொடுக்காது, இன்ஜெக்டரையும் திறக்காது. கிராங்க் சென்சாரின் பழுதைச் சொல்லும் பி 0335 வரிசைக் குறியீடு இல்லாததை வைத்து சென்சார் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய வேண்டாம். சில வண்டிகளில் நீண்ட நேரம் செல்ஃப் அடித்தால்தான் அந்தக் குறியீடு பதிவாகும். சூடானதும் எஞ்சின் நின்றுபோய், ஆறியதும் கிளம்பும் வண்டியில் இந்தச் சென்சாரை முதலில் சந்தேகிக்கலாம். அதன் முனையில் உலோகத் தூள் ஒட்டியிருக்கிறதா, பல் சக்கரம் வளைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசரின் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால், இக்னிஷனை விட்டுவிட்டு அதை முதலில் தீர்க்க வேண்டும்.

வயரும் இ.சி.யு-வும்

ஒரே காயிலுக்கு மட்டும் சமிக்ஞை வரவில்லை என்றால், பேட்டரியைக் கழற்றி, இ.சி.யு-வின் கனெக்டரையும் விலக்கி, அந்த வயரை இரு முனைகளிலும் அளக்க வேண்டும். முனைக்கு முனை 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். எர்த்துடனும், பேட்டரி வயருடனும், பக்கத்து வயர்களுடனும் இணைப்பே இருக்கக் கூடாது. அளந்துகொண்டிருக்கும்போதே உதவியாளரை விட்டு வயர்க் கற்றையை முழு நீளத்துக்கும் அசைக்கச் சொல்லுங்கள். ஓடும்போது மட்டும் தோன்றும் பழுதுகள் இந்த அசைவில் வெளிப்படுவது வழக்கம்.

வயர் நன்றாக இருந்து, இ.சி.யு-வின் பின்னிலேயே சமிக்ஞை இல்லையென்றால், அதன் எல்லா மின்சார, எர்த் பின்களையும் சுமையோடு சோதித்த பிறகே அதைக் குற்றம் சொல்ல வேண்டும். உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர் எரிந்திருந்தால் அதற்கு வெளியே ஒரு காரணம் இருக்கும். பெரும்பாலும் ஷார்ட் ஆன காயிலோ பேட்டரி மின்சாரத்தைத் தொட்ட வயரோ. அதைச் சரிசெய்யாமல் புதிய இ.சி.யு-வைப் பொருத்துபவர், முதல்முறை சாவியைத் திருப்பும்போதே அதையும் இழக்க நேரிடும்.

சரிசெய்த பிறகு

அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றி விட்டுவிடக் கூடாது. சரியான அளவு கிரிம்ப் இணைப்பு அல்லது நல்ல சால்டர், அதன் மேல் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய், பிறகு அசையாதபடி கிளிப் என்ற வரிசையில் முடிக்க வேண்டும். காயிலின் ரப்பர் பூட்டின் உள்விளிம்பில், மின்சாரத்தைக் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸைச் சிறிதளவு தடவினால் அடுத்த முறை அது கிழியாமல் கழலும். குறியீடுகளை அழித்துவிட்டு, ஃப்ரீஸ் ஃப்ரேமில் எழுதி வைத்த அதே வெப்பநிலை, அதே சுற்று, அதே சுமை வரும்படி வண்டியை ஓட்டுங்கள். ஏறுமுகத்தில் மேல் கியரில் அழுத்தி மிதிக்கும்போது காயிலிடம் அதிகபட்ச மின்னழுத்தம் கேட்கப்படும் என்பதால், நிறுத்திய இடத்தில் ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பார்ப்பது போதாது. திரும்பி வந்து ஸ்கேனரில் சிலிண்டர்வாரி மிஸ்ஃபயர் எண்ணிக்கையைப் பாருங்கள். பழுதாக இருந்த சிலிண்டரின் எண் மற்றவற்றைவிட ஏறிக்கொண்டிருந்தால், குறியீடு இன்னும் பதிவாகவில்லை என்றாலும் வண்டியை ஒப்படைக்காமல், சுமையோடு அளக்கும் சோதனையை மின்சார வயரிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.